போனா, கன்சோலா? மலைவீட்டுக்கு எது ஒத்துவரும்

பிள்ளைக்கு இருபதாயிரத்தில் ஒரு கேமிங் போன் வாங்கித் தருவதா, இன்னும் கொஞ்சம் பணம் புரட்டி டிவியில் மாட்டும் கன்சோல் வாங்குவதா? குன்னூர், கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல் மேல்மலை என்று எங்கிருந்து கேட்டாலும் கேள்வி ஒன்றுதான். இணையத்தில் கிடைக்கும் பதில்களோ பெரும்பாலும் பெருநகரத்து வீட்டை மனத்தில் வைத்துச் சொன்னவை. கரண்ட் நிற்காத வீடு, ஃபைபர் இணைப்புள்ள வீடு, பக்கத்துத் தெருவிலேயே சர்வீஸ் சென்டர் உள்ள வீடு. ஆடிக் காற்றில் சீகை மரம் லைன் மேல் சாய்ந்து ஒரு நாள் முழுக்க இருட்டில் கிடக்கும் படுகர் ஊரான ஹட்டிக்கும், ஜன்னலோரம் மட்டும் சிக்னல் பிடிக்கும் எஸ்டேட் லைன் வீட்டுக்கும் அந்தப் பதில்கள் பொருந்தாது. இங்கே கிராபிக்ஸ் கடைசிக் கேள்வி. மின்சாரமும் நெட்டும் மலைப்பாதையும்தான் முதலில் பார்க்க வேண்டியவை.

## காத்திருந்தால் விலை இறங்குமா?

இறங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. உலக அளவில் வீடியோ கேம் வருமானத்தில் ஏறக்குறைய பாதி இன்று மொபைலிலிருந்து வருகிறது. அந்த வெள்ளத்தில் முதலில் அடித்துச் செல்லப்பட்டவை கையடக்கக் கருவிகள். சோனியின் பிஎஸ் வீட்டா 2019இல் நின்றது, நிண்டெண்டோவின் 3டிஎஸ் 2020இல் நின்றது. நிண்டெண்டோவே 2016 டிசம்பரில் மாரியோவை ஐபோனுக்குக் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் ஆக்டிவிஷன் பிளிஸார்டை 6,870 கோடி டாலருக்கு வாங்கியபோது, கேண்டி கிரஷ் நடத்தும் கிங் நிறுவனமும் சேர்ந்தே வந்தது. மொபைலில் கால் ஊன்றுவது அந்த வாங்கலின் நோக்கங்களில் ஒன்று.

டிவியில் மாட்டும் கன்சோல் சாகவில்லை. ஆனால் அதன் பழைய வழக்கம் ஒன்று செத்துவிட்டது. முன்பெல்லாம் கன்சோல் வந்து இரண்டு மூன்று வருடத்தில் விலை சரியும். சோனியின் பிளேஸ்டேஷன் 5, அதாவது பிஎஸ்5, இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது டிஸ்க் உள்ளது 49,990 ரூபாய், டிஸ்க் போட முடியாத டிஜிட்டல் 39,990 ரூபாய். 2022 நவம்பரில் இரண்டுக்கும் ஐயாயிரம் ஏறியது. 2024 ஏப்ரலில் ஸ்லிம் என்ற மெலிந்த மாடல் வந்தபோதும் 54,990, 44,990 என்றே நின்றது. சாதாரண ஆட்டக்காரர்கள் போனுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் அதிகம் செலவழிக்கத் தயாரானவர்கள். அவர்களுக்கு மலிவுப் பதிப்பு செய்ய வேண்டிய நெருக்கடி கம்பெனிகளுக்கு இல்லை. தீபாவளி, பொங்கல் தள்ளுபடியில் சில ஆயிரம் குறையலாம். அதற்கு மேல் எதிர்பார்த்து வருடக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

கரண்ட். இதில் இரண்டு கேள்விகள் உண்டு: எவ்வளவு தின்னும், திடீரென்று நின்றால் என்ன ஆகும்?

43 இஞ்ச் எல்இடி டிவி சுமார் 80 வாட் எடுக்கும். பிஎஸ்5 பெரிய விளையாட்டு ஓடும்போது 200 வாட்டை ஒட்டி இழுக்கும். தினம் 2 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 120 மணி நேரம், ஏறக்குறைய 34 யூனிட். தனியாகப் பார்த்தால் பெரிய தொகை இல்லை. ஆனால் மார்கழி, தை மாதங்களில் கீசரும் ரூம் ஹீட்டரும் ஓடும் வீட்டில் அந்த 34 யூனிட் உங்களை 500 யூனிட் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடலாம். தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்தில் 500ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் என்று நிற்காது, கீழ் அடுக்குகளுக்கும் வேறு விலை வரும். போன் சார்ஜ் செய்ய இரண்டு மாதத்துக்கு ஒன்றரை யூனிட்கூடச் சரியாக ஆகாது.

கரண்ட் திடீரென நிற்பதுதான் பெரிய வில்லங்கம். ஆடிய இடம் வரை பதிந்துவைக்கும் சேவைக் கன்சோல் எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் நின்றால் அந்தச் சேவ் கெடும். ஹார்டு டிஸ்க் உள்ள பிஎஸ்4இல் டிஸ்க்கே அடிவாங்கும். கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ்ஸில் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி இருக்கும், மொத்தம் 84 வாட்-மணி. பிஎஸ்5உம் டிவியும் சேர்ந்த 280 வாட் பாரத்தில் அது ஐந்தாறு நிமிடம் தாங்கும். ஆடுவதற்குப் போதாது, சேவ் செய்து முறையாக நிறுத்தப் போதும். வீட்டில் 150 ஏஎச் இன்வெர்ட்டர் இருந்தால் கணக்கு வேறு. அதில் 1,800 வாட்-மணி உண்டு. இழப்பு போக, மூன்றரை மணி நேரம் இந்தப் பாரத்தைத் தாங்கும். ஆனால் அப்புறம் விளக்குக்கு ஒன்றும் மிஞ்சாது. இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் கன்சோலின் பவர் சப்ளை சூடேறி ஆயுள் குறையும். பின்பக்கத்தில் 'யுபிஎஸ்', 'எகோ' என்று சுவிட்ச் இருந்தால் யுபிஎஸ் பக்கம் வையுங்கள். இல்லாவிட்டால் மாறும் அந்தக் கண் இமைக்கும் நேரத்திலேயே கன்சோல் அணைந்து எழும்.

லோ வோல்டேஜைப் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். பிஎஸ்5இன் பவர் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். எஸ்டேட் லைனில் மாலையில் 160க்கு இறங்கினாலும் ஓடும். அதற்காக ஸ்டெபிலைசர் தேவையில்லை. கரண்ட் திரும்பி வரும்போது பாயும் அதிக வோல்டேஜும் இடியும்தான் பகை.

நெட். இன்றைய பெரிய கன்சோல் விளையாட்டு 80 முதல் 120 ஜிபி வரை இருப்பது சாதாரணம். தினம் 1.5 ஜிபி தரும் ரீசார்ஜில் 100 ஜிபி இறக்க 67 நாள். 2 ஜிபி திட்டத்தில் 50 நாள், அதுவும் வேறு எதற்கும் டேட்டா தொடாமல் இருந்தால். டவுனில் வரம்பில்லாத 5ஜி கிடைக்கும் இடமென்றால் ஹாட்ஸ்பாட் போட்டே ஓரிரு இரவில் இறக்கிவிடலாம். மன்னவனூர், பூண்டி, கூக்கால் பக்கமோ, கூடலூர் தாண்டிய எஸ்டேட்டுகளிலோ அந்த நம்பிக்கை வைக்க முடியாது. மேலும், நீண்ட மின்வெட்டில் டவரின் பேட்டரியும் தீர்ந்துபோகும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் நெட் இருக்காது. 'நெட் இல்லாமல் இந்தக் கருவியில் என்ன ஆட முடியும்?' என்பதைத் தனி அளவுகோலாகவே வையுங்கள்.

எங்கோ உள்ள சர்வரில் ஓடும் விளையாட்டை நெட் வழியே படமாக வாங்கி ஆடும் கிளவுட் கேமிங்கை இங்கே கணக்கிலேயே சேர்க்கவில்லை. 15 எம்பிபிஎஸ்ஸில் ஓடினால் மணிக்கு 6.75 ஜிபி போகும். மழை நாளில் சிக்னல் தடுமாறினால் படம் கூழாகிவிடும்.

மூன்று வருடச் செலவு. பெட்டியின் விலை பாதிக் கதைதான். விளையாட்டு, சந்தா, இரண்டாவது கன்ட்ரோலர், பேட்டரி மாற்று, கடைசியில் விற்றால் திரும்பக் கிடைப்பது எல்லாம் சேர வேண்டும்.

ரிப்பேர். ஊட்டி சேரிங் கிராஸிலும் கொடைக்கானல் ஏழு ரோட்டிலும் போன் கடைக்குப் பஞ்சமில்லை. கன்சோல் தெரிந்த கை வேண்டுமென்றால் பெரும்பாலும் கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ இறங்க வேண்டும். ஒரு நாள் கூலி, பஸ் செலவு, திரும்ப வாங்கிவர இன்னொரு நாள் எல்லாம் ரிப்பேர் கட்டணத்தோடு சேரும்.

யார் ஆடுவது. ஒரு பிள்ளையா, மூன்று பேரா? பிள்ளைக்கு வயது என்ன? வீட்டில் போன் எத்தனை?

## 15,000 முதல் 25,000 ரூபாய் போன்

மலையில் போனுக்கு இருக்கும் பலம் உண்மையானது. கரண்ட் போனாலும் ஆடலாம், பஸ்ஸில் ஆடலாம், படிப்புக்கும் ஆகும். ஆன்லைன் துப்பாக்கி விளையாட்டுகள் ஓடும்போது மணிக்கு 100 எம்பிக்குள்தான் டேட்டா எடுக்கும். தினசரித் திட்டத்திலேயே அடங்கிவிடும். குளிர்ந்த காற்று இன்னொரு லாபம். சமவெளியில் சித்திரை மாதத்தில் சூடேறி வேகம் குறையும் போன், குன்னூர் அறையில் வெகுநேரம் சீராக ஓடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: ரேம் 8 ஜிபி, ஸ்டோரேஜ் 128 ஜிபிக்குக் குறையக் கூடாது, பேட்டரி 5,000 எம்ஏஎச். அதைவிட முக்கியம், பிள்ளை ஆடும் விளையாட்டு அந்தப் பிராசஸரில் நொடிக்கு எத்தனை பிரேம், அதாவது எத்தனை படம், தருகிறது என்பது. திரை 120 ஹெர்ட்ஸ் என்று பெட்டியில் எழுதியிருக்கும், விளையாட்டு 40 பிரேமில் நிற்கும். கடையில் டெமோ போனில் அந்த விளையாட்டின் கிராபிக்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

குளிர் பேட்டரிக்கு ஆகாது. உறைபனி விழும் காலையில் 20 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் சட்டென்று அணைந்தால் அது பழுது இல்லை. குளிரில் லித்தியம் பேட்டரியின் உள்தடை ஏறி, விளையாட்டு கேட்கும் மின்னோட்டத்தைத் தர முடியாமல் போகிறது. பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிரில் சார்ஜும் போடக் கூடாது, பேட்டரி நிரந்தரமாகக் கெடும். சார்ஜில் போட்டபடியே ஆடினாலும் சூட்டில் பேட்டரியின் ஆயுள் குறையும். இரண்டு வருடத்தில் பேட்டரி மாற்ற 1,500 முதல் 2,500 ரூபாய் எடுத்து வையுங்கள்.

கிளிப் கன்ட்ரோலர் மாட்டினால் போன் கன்சோல் ஆகிவிடும் என்று நம்பி வாங்க வேண்டாம். நம் பிள்ளைகள் அதிகம் ஆடும், பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ கன்ட்ரோலரை ஏற்பதில்லை. கால் ஆஃப் டியூட்டி மொபைல் சில கன்ட்ரோலர்களை ஏற்கும். எந்த விளையாட்டுக்கு என்று தெரிந்த பிறகு வாங்குங்கள்.

இனி மறைந்திருக்கும் செலவு. போனில் விளையாட்டு இலவசம்; உள்ளே கடை திறந்திருக்கும். துப்பாக்கிக்கு நிறம், ஆளுக்குச் சட்டை, மாதப் பாஸ், என்ன வருமென்று தெரியாமல் திறக்கும் பெட்டி. மாதம் 300 ரூபாய் என்றால் மூன்று வருடத்தில் 10,800. அந்தப் பணம் பொருளாக மாறுவதில்லை, விற்கவும் முடியாது. விளையாட்டே காணாமலும் போகலாம். பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் தடைபட்டது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் போனது. பிஜிஎம்ஐ 2022 ஜூலையில் எடுக்கப்பட்டு 2023 மே மாதத்தில்தான் திரும்பியது. தடையின் நியாயம் வேறு பேச்சு. பணம் போட்ட பிள்ளைக்குக் கையில் எதுவும் மிஞ்சாது என்பதே இங்கு கணக்கு.

இன்னொரு செலவை யாரும் எழுதிவைப்பதில்லை. பல வீடுகளில் நல்ல போன் ஒன்றுதான். பேங்க் ஓடிபி, ரேஷன் கார்டு, பள்ளி வாட்ஸ்அப், தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வரும் அழைப்பு எல்லாம் அதில்தான். மழை எச்சரிக்கை உள்ள இரவில், மண்சரிவு பயம் இருக்கும்போது, அந்தப் போன் விளையாட்டில் சார்ஜ் இறங்கிக் கிடக்கக் கூடாது. விளையாட்டுக்கான போன் தனியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்த வழியே வேண்டாம்.

போன்தான் என்று முடிவானால் முதல் நாளிலேயே இதைச் செய்துவிடுங்கள்:

1. பேங்க்கில் பதிந்த சிம்மைப் பிள்ளை ஆடும் போனில் போடாதீர்கள். ஓடிபி அங்கே வந்தால் மற்ற எந்தப் பூட்டும் நிற்காது.
2. பிளே ஸ்டோர் செட்டிங்ஸில், ஒவ்வொரு வாங்குதலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். யுபிஐ ஆட்டோபே எதுவும் பிளே கணக்கில் இணைந்திருந்தால் நீக்குங்கள்.
3. கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப்பில் பிள்ளைக்குத் தனிக் கணக்கு திறந்து, எல்லா வாங்குதலும் உங்கள் அனுமதிக்கு வரும்படி செய்து, தினசரி நேரமும் போடுங்கள். பிஜிஎம்ஐயில் 18 வயதுக்குக் கீழ் நாளுக்கு 3 மணி நேர வரம்பு உண்டு. அப்பாவின் கணக்கில் பெரியவர் என்று புகுந்தால் அந்த வரம்பு பலிக்காது.
4. தெரியாமல் வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் கூகுள் பிளேயில் பணம் திரும்பக் கேளுங்கள்.
5. 'ஆடிச் சம்பாதிக்கலாம்' என்று வரும் ஆப்பை எதுவானாலும் நீக்குங்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது.

## பிஎஸ்5

படத்துக்கும் விளையாட்டின் ஆழத்துக்கும் இதற்கு நிகர் இந்த வரிசையில் இல்லை. வாங்கினால் டிஸ்க் உள்ளதையே வாங்குங்கள். சில ஆயிரம் மிச்சம் என்று டிஜிட்டல் எடுப்பது மலையில் தவறான சிக்கனம். புதிய டிஸ்க் 4,000 முதல் 5,000 ரூபாய். ஆடி முடித்து விற்றால் ஒரு பகுதி திரும்பும், நண்பனோடு மாற்றிக்கொள்ளலாம், கோயம்புத்தூரில் பழைய டிஸ்க் வாங்கலாம். நெட்டிலிருந்து வாங்கியது உங்கள் கணக்கோடு ஒட்டிக்கொண்டது, கைமாறாது. டிஸ்க்கிலிருந்து ஏறுவதால் இறக்க வேண்டிய டேட்டாவும் பெருமளவு மிச்சம். திருத்தத்துக்கு மட்டும் சில ஜிபி கேட்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஸ்லிம்மில் டிஸ்க் டிரைவை முதல் முறை கன்சோலோடு இணைக்க நெட் கட்டாயம். போன் ஹாட்ஸ்பாட் போதும், ஆனால் சிக்னலே இல்லாத இடத்தில் பெட்டியைப் பிரித்தால் டிஸ்க் ஓடாது. அடுத்தது, டிஸ்க் இருந்தாலும் சில விளையாட்டுகள் நெட்டைக் கேட்டுக்கொண்டே இருக்கும். கார் பந்தய விளையாட்டான கிரான் டூரிஸ்மோ 7 அப்படித்தான். நெட் இல்லாவிட்டால் அதில் ஆடுவதற்கு மிகக் கொஞ்சமே இருக்கும்.

கூடுதல் செலவுகள்: இரண்டாவது கன்ட்ரோலர் ஆறாயிரம் ரூபாய் அளவில். விலை கொடுத்து வாங்கிய விளையாட்டை ஆன்லைனில் மற்றவர்களோடு ஆட பிஎஸ் பிளஸ் சந்தா. ஃபோர்ட்நைட் போன்ற இலவச விளையாட்டுகளுக்குச் சந்தா தேவையில்லை. டிவிக்காகத் தனியே செலவழிக்க வேண்டியதில்லை. எச்டிஎம்ஐ உள்ள 32 இஞ்ச் டிவியிலேயே ஓடும். டிவி மெனுவில் 'கேம் மோட்' போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் இடைவெளி தெரியும்.

ரிப்பேரில் கவனம். இதன் சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே இருப்பது திரவ உலோகம். சாதாரண பேஸ்ட் தடவிப் பழகிய கை அதைத் திறந்தால் அது போர்டில் வழிந்து ஷார்ட் ஆகும். வெளித்தகட்டைக் கழற்றித் தூசி எடுப்பதோடு வீட்டு வேலை முடிந்தது.

## எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்

மைக்ரோசாஃப்ட்டின் இந்தக் கன்சோல் 2020 நவம்பரில் 34,990 ரூபாய்க்கு வந்தது. சின்னது, சத்தமில்லாதது, கரண்டும் பிஎஸ்5இல் பாதிகூட எடுக்காது. ஆனால் டிஸ்க் வாயே கிடையாது. முதல் தடவை எழுப்பவே நெட் வேண்டும், ஒவ்வொரு விளையாட்டும் நெட்டில்தான் வர வேண்டும். 512 ஜிபியில் கையில் கிடைப்பது 364 ஜிபி. பெரிய விளையாட்டு நான்கு ஏறினால் ஒன்றை அழிக்க வேண்டும், அழித்ததை மறுபடி இறக்க வேண்டும். வீட்டில் வரம்பில்லாத ஃபைபர் இருந்து, பல விளையாட்டுகளை ஒரே சந்தாவில் தரும் கேம் பாஸில் பலவற்றைத் தொட்டுப் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு நல்ல தேர்வு. ஃபைபர் இல்லையா, அடுத்த பகுதிக்குப் போங்கள்.

## பழைய பிஎஸ்4 ஸ்லிம்

யூடியூப் ஒப்பீடுகள் இதை ஒதுக்கிவிடுகின்றன. நெட் வலுவில்லாத மலைவீட்டுக்கு நாங்கள் அதிகம் பரிந்துரைப்பது இதைத்தான். நிலையைப் பொறுத்து 15,000 ரூபாய் சுற்றளவில் கிடைக்கும். பழைய டிஸ்க்குகள் 500 முதல் 1,500. எழுப்ப நெட் தேவையில்லை, டிஸ்க்கைப் போட்டால் பெரும்பாலான விளையாட்டுகள் அப்படியே ஓடும். பத்து வருட விளையாட்டுகள் இதற்கு உண்டு; ஒரு பிள்ளை பள்ளி முடிக்கும் வரை ஆடினாலும் தீராது. உள்ளே சாதாரண பேஸ்ட்தான், ஹார்டு டிஸ்க் லேப்டாப்பில் போடும் 2.5 இஞ்ச் வகைதான். லேப்டாப் பார்க்கும் மெக்கானிக்கே இதையும் பார்த்துவிடுவார். ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் உள்ளே சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி போட்டுவிட்டால் கரண்ட் நின்று அடிவாங்கும் பயமும் குறையும்.

குறை? புதிதாக வரும் பெரிய விளையாட்டுகள் ஒவ்வொன்றாக இதைக் கைவிடுகின்றன. பள்ளியில் நண்பர்கள் பேசும் புது விளையாட்டு இதில் வராது. அதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பழையது வாங்கப் போகும்போது ஒரு டிஸ்க்கும், சோனியின் ஆன்லைன் சேவையான பிஎஸ்என்னில் உள்ள உங்கள் கணக்கின் பாஸ்வேர்டும், அரை மணி நேரமும் எடுத்துக்கொண்டு போங்கள். அடியில் மாடல் எண் சியுஎச் (CUH) 2000 வரிசையில் இருந்தால் ஸ்லிம், 1000 முதல் 1200 வரை என்றால் பழைய தடித்த வகை; அது அதிகம் கத்தும், அதிகம் கரண்ட் தின்னும். கடையிலேயே உங்கள் கணக்கில் நுழைந்து பாருங்கள். சோனி தடை செய்த பெட்டியென்றால் நுழைய விடாது. டிஸ்க்கை இரண்டு முறை போட்டு எடுங்கள், உள்ளே கரகரவென்று தேய்க்கும் சத்தம் வரக் கூடாது. இருபது நிமிடம் ஆடி, விசிறி விமானம் போல இரைகிறதா என்று கேளுங்கள். எச்டிஎம்ஐ ஒயரை லேசாக ஆட்டினால் படம் வெட்டக் கூடாது. கன்ட்ரோலரைத் தொடாமல் வைத்துவிட்டு, திரையில் ஆள் தானாக நகர்கிறானா பாருங்கள். நகர்ந்தால் ஸ்டிக் தேய்ந்துவிட்டது. சாஃப்ட்வேர் 9.00 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்கட்டும். அதற்கு முன்பு, உள்ளே உள்ள சின்ன பட்டன் பேட்டரி தீர்ந்து நெட்டும் இல்லாவிட்டால் விளையாட்டு திறக்காத சிக்கல் இருந்தது. நெட் இல்லாத வீட்டுக்கு இது அலட்சியப்படுத்தக் கூடிய விஷயம் இல்லை.

## நிண்டெண்டோ ஸ்விட்ச்

போனுக்கும் கன்சோலுக்கும் நடுவில் நிற்பது. கையில் வைத்தும் ஆடலாம், டிவியிலும் மாட்டலாம். புதுப்பித்த முதல் தலைமுறை ஸ்விட்ச்சின் பேட்டரி விளையாட்டைப் பொறுத்து நான்கரை முதல் ஒன்பது மணி நேரம் தாங்கும். மின்வெட்டு இரவுக்கு இதைவிடப் பொருத்தமான கன்சோல் இல்லை. பெட்டியில் வரும் இரண்டு ஜாய்-கான் கன்ட்ரோலர்களைப் பிரித்தால் இருவர் ஆடலாம். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கான விளையாட்டு இதில்தான் அதிகம். கார்ட்ரிட்ஜ்களும் விலை இறங்காது. வாங்கிய விலையில் பெரும்பகுதிக்கு விற்கலாம்.

ஆனால் நிண்டெண்டோ இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பதில்லை. வாரன்டி என்று கடைக்காரர் சொல்வது அந்தக் கடையின் வாய்வார்த்தை. நிண்டெண்டோவின் ஆன்லைன் கடையான இஷாப் இந்தியாவுக்கென்று இல்லாததால் வேறு நாட்டுக் கணக்கு திறந்து கிஃப்ட் கார்டு வாங்க வேண்டியிருக்கும். ஸ்டிக் தானாக நகரும் நோய் இதில் பிரசித்தம். ஸ்விட்ச் லைட் மாடலை டிவியில் மாட்ட முடியாது. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2இல் சில கார்டுகள் வெறும் சாவிதான். விளையாட்டை நெட்டில்தான் இறக்க வேண்டும். அட்டையில் படித்துவிட்டு வாங்குங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

யூனிட் கணக்கு தினம் 2 மணி நேரத்துக்கு, 80 வாட் டிவியும் சேர்த்து.

| | இரண்டு மாத யூனிட் | கரண்ட் நின்றால் | நெட் இல்லாமல் | விற்றால் திரும்புவது | ரிப்பேர் |
|---|---|---|---|---|---|
| போன் | 1.5 | ஆடலாம் | மிகக் குறைவு | குறைவு. உள்ளே போட்டது பூஜ்யம் | உள்ளூர் |
| பிஎஸ்5 டிஸ்க் | 34 | யுபிஎஸ் கட்டாயம் | டிஸ்க் விளையாட்டில் பெரும்பாலானவை | நல்லது | கோவை, மதுரை |
| சீரிஸ் எஸ் | 19 | யுபிஎஸ் கட்டாயம் | ஏற்கெனவே இறக்கியவை மட்டும் | நடுத்தரம் | கோவை, மதுரை |
| பழைய பிஎஸ்4 ஸ்லிம் | 20 | யுபிஎஸ் அவசியம் | ஏறக்குறைய எல்லாம் | வாங்கியதில் பெரும்பகுதி | லேப்டாப் மெக்கானிக் |
| ஸ்விட்ச் | டிவியில் 11, கையில் 2க்குள் | ஆடலாம் | கார்ட்ரிட்ஜ் எல்லாம் | மிக நல்லது | கடினம் |

## எந்த வீட்டுக்கு எது

பிள்ளை ஒன்று, வயது பதினைந்துக்கு மேல், நண்பர்கள் எல்லாரும் பிஜிஎம்ஐ ஆடுகிறார்கள் என்றால் பிஎஸ்5 வாங்கித் தந்தாலும் போனைத்தான் எடுப்பான். அவன் தேடுவது கூட்டாளிகளை. அந்த வீட்டில் தனிப் போனும் மேலே சொன்ன பூட்டுகளும் போதும்.

சிக்னல் மோசம், மூன்று பிள்ளைகள், பட்ஜெட் இருபதாயிரம் என்றால் தயங்காமல் பழைய பிஎஸ்4, ஒரு யுபிஎஸ், இரண்டு கன்ட்ரோலர், நான்கு டிஸ்க். ஒரே திரையில் இருவர் பந்து விளையாட, அடுத்தவர் முறைக்குக் காத்திருக்கும் வீட்டில் யார் என்ன ஆடுகிறார்கள், எவ்வளவு நேரம் என்று பெரியவர்கள் கேட்காமலே தெரியும். மூலையில் போர்வைக்குள் ஒளிரும் போனில் அது தெரியாது.

டவுனில் ஃபைபர், இன்வெர்ட்டர் இரண்டும் உண்டு, பணமும் உண்டு என்றால் பிஎஸ்5 டிஸ்க். சின்னப் பிள்ளைகள், கரண்ட் அடிக்கடி போகும் ஊர், வாரன்டி இல்லாததைச் சகித்துக்கொள்ளத் தயார் என்றால் ஸ்விட்ச். ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் விருந்தினருக்காக ஒன்று வைக்க நினைத்தால் பிஎஸ்4தான். கன்ட்ரோலர் உடைந்தாலும் தாங்கிக்கொள்ளலாம்.

## மலையில் கன்சோலை வைத்துக்கொள்ளும் முறை

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஊட்டி போவதற்குள் உப்பிவிடும், பார்த்திருப்பீர்கள். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விசிறி ஒரு சுற்றில் எடுத்துப்போகும் வெப்பமும் அந்த அளவு குறைகிறது. ஆனால் அறை 15, 18 டிகிரியில் இருப்பதால் அது சரிக்கட்டிப் போகிறது. பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி விட்டால் போதும். கணப்புச் சட்டிக்கோ ஹீட்டருக்கோ பக்கத்தில் வைத்தால் அந்த லாபம் போய்விடும். பிஎஸ்5க்குச் சோனி சொல்லும் இயங்கு வெப்பநிலை 5 முதல் 35 டிகிரி. உறைபனிக் காலத்து விடியலில் ஓடு போட்ட அறை 5க்குக் கீழே இறங்கும். வெயில் ஏறிய பிறகு போடுங்கள்.

ஈரம்தான் மெல்லக் கொல்வது. கூடலூர், பந்தலூர் பக்கம் ஆனி முதல் ஆவணி வரை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் ஐப்பசி, கார்த்திகையில், வாரம் இரண்டு முறையாவது அரை மணி நேரம் கன்சோலை ஓட விடுங்கள். உள்சூடு ஈரத்தை விரட்டும். ஆடாத நாளில் துணி போர்த்தலாம், பிளாஸ்டிக் உறை போட்டால் ஈரம் உள்ளேயே அடைபடும். டிஸ்க்குகளையும் கன்ட்ரோலரையும் சிலிக்கா ஜெல் பை போட்ட டப்பாவில் வையுங்கள். குளிரில் பயணித்து வந்த பெட்டியை ஹீட்டர் போட்ட அறையில் உடனே பிரித்து மாட்டாதீர்கள். இரண்டு மணி நேரம் அட்டைப்பெட்டியோடு கிடக்கட்டும், இல்லாவிட்டால் போர்டில் நீர் பூக்கும். ரிப்பேருக்காகக் கோயம்புத்தூர் இறக்கும்போதும் இதே விதி. குளிர்ந்த பெட்டி அங்கத்திய ஈரக் காற்றில் வியர்க்கும்.

மழைக்காலத்தில் பாதி உறக்க நிலையான ரெஸ்ட் மோடில் விடாமல் முழுதாக அணையுங்கள். கரண்ட் நின்று எழுந்த பிறகு கன்சோல் தடுமாறினால், அணைந்த நிலையில் பவர் பட்டனை இரண்டாவது பீப் சத்தம் வரும்வரை, சுமார் 7 விநாடி, அழுத்திப் பிடித்துச் சேஃப் மோடுக்குப் போங்கள். கன்ட்ரோலரை யுஎஸ்பி ஒயரில் இணைக்க வேண்டும். பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டிலும் ஐந்தாவது வரி டேட்டாபேஸைச் சீரமைக்கும், சேவ்கள் அழியாது. ஆறும் ஏழும் கன்சோலை அழித்துத் துடைப்பவை, அங்கே விரல் போகக் கூடாது.

இடியில் கன்சோல் எரிவது பெரும்பாலும் பிளக் வழியாக என்று நினைக்கிறார்கள். டிஷ் அல்லது கேபிள் ஒயர் வழியாக டிவிக்குள் வந்து, எச்டிஎம்ஐ ஒயரில் தாவி, கன்சோலின் எச்டிஎம்ஐ சிப்பை எரித்துவிட்டுப் போவதும் நடக்கிறது. சர்ஜ் புரொடெக்டர் வாங்கினாலும் வீட்டு எர்த் சரியில்லாவிட்டால் அது வெறும் பிளக் பலகை. எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சோதித்துவிடுங்கள். சித்திரை, வைகாசிக் கோடை இடியிலும் ஐப்பசி இடியிலும் பிளக்கைப் பிடுங்குவதோடு நிறுத்தாமல், டிவியின் பின்னால் உள்ள டிஷ் ஒயரையும் எச்டிஎம்ஐ ஒயரையும் கழற்றிவிட்டுத் தூங்கப் போங்கள்.